இரண்டு பேருக்கும் ஒரே வாசல்

தணிகை,

நீ போனை வைத்துவிட்டாய். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தோடு குறுக்கே பேச முடியாது. பிடிக்காத இடத்தில் மடித்து வைக்கலாம். மறுபடி பிரிக்கும்போது அதே வார்த்தை அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "இன்னாத்துக்கு எழுதற? அவன் கொயந்தைங்க, அவன் பாத்துக்குவான்" என்கிறார். அவருக்குப் பதில் சொல்லி முப்பது வருஷத்துப் பழக்கம் இருக்கிறது, அது ஓடிவிடாது. முதலில் உனக்குச் சொல்லி முடிக்கிறேன்.

விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போய், வீடு பிடித்து, கட்டிலும் பீரோவும் வந்து சேர்ந்த கதையை நீ சொன்னபோது சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பால்கனியில் நின்றால் கடல் தெரிகிறது, துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கிற கப்பல் தெரிகிறது என்றாய். பிறகு பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. கவினுக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, நீச்சல் குளம் இருக்கிறது, ஏசி பஸ் வாசலுக்கே வருகிறது என்றாய். "நித்யாவுக்கு?" என்று கேட்டேன். "அவளுக்குப் பக்கத்துலயே ஒண்ணு பாத்துகினு இருக்கோம்மா. சின்ன ஸ்கூல்தான். ரெண்டு பேருக்கும் அங்க கட்ட முடியாது. அவ பொண்ணு, எங்க போட்டாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கே தெரியும். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அதற்கு நீ சொன்னது: "நீ மட்டும் அன்னிக்கு என்னை அந்த ஸ்கூல்ல உட்டிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன். உன் புடிவாதத்தால என் படிப்பு போச்சி. இப்ப என் புள்ளைக்கும் அதையே பண்ணச் சொல்றியா?" அத்தோடு வைத்துவிட்டாய்.

இத்தனை வருஷமாக இதை நீ மனசுக்குள் வைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது நல்லதுதான். ஆனால் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தாயானால், அந்தக் காத்திருப்பை இன்றோடு விட்டுவிடு. கேட்க மாட்டேன். அன்றைக்கு உனக்கு ஐந்து வயது. உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் அத்தை பிற்பாடு உனக்குச் சொன்னது. நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

உன் நைனா திருவாலங்காடு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மாதங்களில் கிடைத்ததைச் செய்தார். மெட்ராஸில் இருந்த உன் அத்தைதான் யாரிடமோ சொல்லி, காசிமேட்டுப் பக்கம் மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் அடிக்கிற கம்பெனியில் நிரந்தர வேலை வாங்கிக்கொடுத்தாள். அந்த நன்றியை நான் எந்நாளும் மறுத்ததில்லை. திருத்தணியில் இருந்த பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு நாம் ராயபுரத்தில் ஒரு சந்துக்குக் குடிபோனோம். கடல் அந்தச் சந்திலிருந்து தெரியாது; நாற்றம் மட்டும் வரும், அதுவும் மத்தியானத்தில் அதிகமாக வரும். உன் அக்கா லோகு இங்கே திருத்தணி யூனியன் பள்ளியில் இரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். நீ இன்னும் பள்ளிக்கூடமே பார்க்காதவன்.

உன் அத்தை ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியைப் பார்த்து வைத்திருந்தாள். அங்கே இடம் கிடைப்பது அப்போது பெரிய விஷயம். "பையனை இங்க சேத்துட்டா அவன் தலையெழுத்தே மாறிடும். பொண்ணுக்குத் தெருக்கோடில கார்ப்பரேஷன் ஸ்கூல் கீது, அது போதும்" என்றாள். உன் நைனா தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த ஊர் புதிது. இன்டர்வியூவுக்கு உன்னைத் தயார் செய்தது யார் தெரியுமா? உன் அத்தை வீட்டுப் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு லோகுதான் உனக்கு நிறங்களின் பெயரும் கிழமைகளின் பெயரும் ஒரு இங்கிலீஷ் பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கே அப்போதுதான் அதெல்லாம் தெரியும். முதலில் தான் கற்றுக்கொண்டு, பிறகு உனக்குக் கற்றுக்கொடுத்தாள். நீ தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவாள். நீ அழுவாய். மறுபடி சொல்லிக்கொடுப்பாள்.

அந்தப் பள்ளிக்கு நாம் நால்வரும் போனோம்: நான், நீ, லோகு, உன் அத்தை. நைனாவுக்கு ஷிப்டு. பிரின்சிபால் அறைக்குள் போகும்போது அத்தை லோகுவைப் பார்த்து, "நீ எதுக்கு உள்ள? வெளிய குந்து" என்றாள். லோகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. பிரின்சிபால் அம்மா உன்னை ஒவ்வொன்றாகக் கேட்க, நீ ஒவ்வொரு கேள்விக்கும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அங்கே இவள் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கவனித்துவிட்டார்கள். "யார் அது?" என்றார்கள். "என் பொண்ணும்மா, இவனோட அக்கா" என்றேன். "அவளும் அட்மிஷனுக்கா?" என்று கேட்டார்கள். நான் "ஆமாம்மா" என்றேன். அதே மூச்சில் உன் அத்தை "இல்ல மேடம்" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. பையனுக்கு சீட் குடுத்துடலாம்" என்றார்கள். அத்தை உடனே, கதவுக்கு வெளியே நன்றாகக் கேட்கும்படி, "பொண்ணுக்குக் கார்ப்பரேஷன் ஸ்கூல் பாத்துட்டோம் மேடம். அவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள்.

நான் வெளியே வந்தேன். லோகு அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேனோ என்னவோ. என் முந்தானையைப் பிடித்து இழுத்து, மெதுவாக, "அம்மா, நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேனா?" என்று கேட்டாள். தன்னை வெளியே உட்காரவைத்ததற்குத் தான் செய்த ஏதோ ஒரு தப்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுக் குழந்தை, தணிகை. நான் திரும்ப உள்ளே போய், உன் கையைப் பிடித்து, "இந்த சீட்டு வேணாம்மா, மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு உன்னை அழைத்து வந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் சுயபுத்தியோடு எடுத்த முதல் முடிவு அது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் உன் அத்தை ஊரையே கூட்டினாள். "இன்னா திமிரு உனக்கு! ஆம்பளப் புள்ள சீட்ட வேணாம்னு சொன்ன மொத பொம்பள நீதாண்டி" என்றாள். நான் அதுவரை அவளை எதிர்த்துப் பேசியதில்லை. "மொத ஆளா நானே இருந்துட்டுப் போறேன் வதினா" என்றேன். ராத்திரி உன் நைனா வந்து, "எங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். "ரெண்டு பேரையும் அங்க சேத்துவுடுங்க, நான் வாயத் தொறக்கல. முடியாதுன்னா ரெண்டு பேரும் வேற எடத்துல. ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு என் வவுத்துல நான் பெத்துக்கல" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வெகு நாள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார்.

பள்ளிக்கூடம் திறந்து பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உங்கள் இரண்டு பேரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று நடந்தேன். எட்டாவதுவரை படித்தவளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க என்ன தெரியும் என்று உன் அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் இருந்தது. மணி அடித்து விடுகிற நேரத்துக்குப் போய் வாசலில் நிற்பேன். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், பேசிக்கொண்டு வருகிறார்களா, பயந்துபோய் வருகிறார்களா என்று பார்ப்பேன். பெண் பிள்ளைகள் கக்கூஸ் எங்கே என்று கேட்பேன். ஒரு பள்ளியில் அதைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வைத்திருந்தார்கள், அப்படியே திரும்பிவிட்டேன். ஒரு பள்ளியில் கிளார்க் நான் பேசப் பேசத் தலையை நிமிர்த்தவே இல்லை. இன்னொன்றில் பையனை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அரசு உதவி பெறும் தமிழ்ப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், ஒரு வாதாமரம். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, "இதுல பெரியவ யாரு, நீயா? மொதல்ல நீ சொல்லு, உன் பேரு இன்னா?" என்று லோகுவைத்தான் கேட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு பேரையும் அன்றே சேர்த்தேன்.

உன் நைனா மனசு மாறிய கதை உனக்குத் தெரியும், அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர். பள்ளியை முன்னாலேயே விட்டுவிட்டார்கள். இவர் கம்பெனியிலிருந்து ஓடி வந்து பார்க்கிறார், உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு, இரண்டு பையையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் லோகு சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறாள். நீ அவள் தலைக்கு மேலே உன் சட்டையைக் குடையாகப் பிடித்திருந்தாயாம். அன்றிலிருந்து அவர் அந்த இன்னொரு பள்ளியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் உச் கொட்டுவார்கள். எனக்கு மட்டும் எரிச்சல்தான் வரும். உன்னைத் தூக்கி வந்தாள் என்பதற்காகவா அவளைப் படிக்க வைக்க வேண்டும்? உன்னைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு அவள் தனியாக ஓடி வந்திருந்தாலும் அவளுக்கு அதே பள்ளிக்கூடம்தான். தம்பிக்கு உதவுவாள் என்று காரணம் காட்டி ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது அவளுக்குக் கொடுப்பதாகாது; அதுவும் தம்பிக்குக் கொடுப்பதுதான்.

பத்தாவதில் அவள் கணக்கில் தோற்றபோது உன் அத்தை அத்தனை நாள் கோபத்தையும் விட்டு வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்தாள். "பாத்தியா? அன்னிக்கே சொன்னேன்" என்றாள். ஒன்பதாவதில் நீ இரண்டு பாடத்தில் தோற்றபோது உனக்கு டியூஷன் பார்த்துக்கொடுத்ததும் இதே அத்தைதான், ஞாபகம் வைத்துக்கொள். பையன் தோற்றால் டியூஷன், பொண்ணு தோற்றால் கல்யாணம். இது எந்த ஊர் நியாயம்? நான் ஜாதகத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து, காபி போட்டுக்கொடுத்து அனுப்பினேன். லோகு மறுபடி எழுதினாள். மறுபடியும் தோற்றாள். அதற்கப்புறம்தான் பாஸ் பண்ணினாள். இன்றைக்கு அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்துக்கொண்டிருக்கிறாள். கலெக்டர் ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆகவில்லை. ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாதித்துக் காட்டினால்தான் படிக்கலாம் என்று உன்னிடம் யாரும் நிபந்தனை போடவில்லையே.

நீ சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. காலேஜில் சேர்ந்த புதிதில் இங்கிலீஷ் வராமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் வேலைக்கு இன்டர்வியூ போய் வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அந்தப் பள்ளியில் படித்திருந்தால் அன்றைக்கு உனக்கு அந்தத் திணறல் இருந்திருக்காது, ஒருவேளை நீ இப்போது வெளிநாட்டில்கூட இருந்திருப்பாய். இருக்கட்டும். அந்த இழப்பை நான் எடை போட்டுத்தான் சொல்கிறேன். உன் இங்கிலீஷ் கொஞ்சம் தாமதமாக வந்தது. "நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேனா" என்று கேட்டவளுக்கு நான் அன்று வேறு பதில் சொல்லியிருந்தால், அது எந்த வயதிலும் சரியாகியிருக்காது. மறுபடி அதே வராந்தாவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வருவேன்.

நீ போனை வைத்த கொஞ்ச நேரத்தில் சுகுணா கூப்பிட்டாள். புருஷன் மேல் புகார் சொல்லக் கூப்பிடவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. "கோச்சிக்காதீங்க அத்தம்மா, வேலை டென்ஷன்ல பேசிட்டாரு" என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம் நித்யா போனை வாங்கினாள். "அவ்வா, நான் அந்தப் பெரிய ஸ்கூல் பாத்தேன். லைப்ரரி இருக்கு, ஏணி வச்சி ஏறி புக் எடுக்கலாம்" என்றாள். "புடிச்சிருக்கா கண்ணு?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "எனக்குப் புடிக்கலன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு அப்பா" என்றாள்.

பேனாவை எடுத்தது அப்போதுதான். பணம் போதவில்லை என்று நீ சொன்னது எனக்குப் புரிகிறது. அது இல்லாத வீட்டில்தான் நானும் உங்களை வளர்த்தேன். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணை, தனக்குப் பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்லப் பழக்குகிறாயே, அதை நீ எந்தப் பள்ளியில் படித்தாய்? நான் சேர்த்த பள்ளியில் அது இல்லை. அவள் ஒருமுறை அதைக் கற்றுக்கொண்டால் போதும், தணிகை. பிறகு சாப்பாடு, படிப்பு, புருஷன் எல்லாவற்றிலும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். நீயும் "அவ அட்ஜஸ்ட் பண்ணிக்குவா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாய்.

சுகுணா இன்னொன்றும் சொன்னாள், நீ காது கொடுக்காத விஷயம். காய்கறி வாங்கப் போகிற வழியில் ஒரு பள்ளி பார்த்திருக்கிறாள். நடுத்தரமான பள்ளி. நீச்சல் குளம் கிடையாது, கடலும் தெரியாது. இரண்டு வகுப்பிலும் இடம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் உன்னால் கட்ட முடியும். அங்கே இவளுடைய பள்ளிப்பட்டு ஊர்த் தெலுங்கைக் கேட்டு டீச்சர்கள் சிரித்தார்களாம். ஆனால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்களாம். நம்முடைய எல்லைத் தெலுங்கைக் கேட்டால் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள் என்று நீ கூச்சப்படுகிறாயாமே. செய்யட்டும். மெட்ராஸில் நம் தமிழைக் கேட்டுச் சிரிக்கவில்லையா? சிரித்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், நாமும் இருக்கிறோம். நீ ஒரு நாள் லீவு போட்டு அந்தப் பள்ளிக்குப் போ. மணி அடிக்கிற நேரத்துக்குப் போ. நிழலில் நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார். பிடிக்கவில்லையென்றால் வேறு தேடு, ஊர் பெரிசு. ஆனால் இரண்டு பேரையும் கூட வைத்துக்கொண்டு தேடு. கவினுக்கு அந்தப் பெரிய பள்ளியே வேண்டும் என்றால் நித்யாவுக்கும் அதுவே. முடியாதென்றால் யாருக்கும் இல்லை. இதில் நடுவில் ஒரு வழி இருப்பதாக எனக்குச் சொல்லாதே. அந்த நடுவழியில் எப்போதும் பெண்தான் இறங்கி நடக்கிறாள்.

"என் குடும்பத்துல தலையிடாத" என்று நீ சொல்லலாம். தலையிடுவேன். உன்னைப் பெற்றதும் ஒரு தலையீடுதான். நீ என் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னைப் போலவே பிடிவாதக்காரன். அதனால்தான் கடிதத்தோடு நிறுத்தப்போவதில்லை. லோகுவிடம் சொல்லி ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும்தான் போடச் சொன்னேன். இவ்வளவு நேரம் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த உன் நைனா, தோலையெல்லாம் முறத்தில் தள்ளிவிட்டு, "ரெண்டா போடச் சொல்லு. அந்தக் கொயந்தைய வெளிய குந்த வச்சானா, நான் வந்து கேக்கறேன் அவன" என்கிறார். அவர் இப்படிப் பேச எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. உனக்கு அவ்வளவு வருஷம் நான் கொடுக்க மாட்டேன்.

கோபமாக இருந்தால் கோபத்தோடேயே ஸ்டேஷனுக்கு வா. நாங்களும் கோபமாகத்தான் வருகிறோம். ஆனால் வரும்போது பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா. ஸ்கூல் இருக்கிறது, டிராயிங் கிளாஸ் இருக்கிறது என்று ஒருத்தியை வீட்டில் விட்டுவிட்டு ஒருத்தனோடு வந்து நின்றாயானால், நான் ரயிலை விட்டு இறங்க மாட்டேன்.

அம்மா
திருத்தணி